7 பாட்டு, 26 நிமிடம்

நேயர்களுக்கு வணக்கம். ராப் பாட்டைப் பற்றி, அதிலும் நாஸின் 'நாசிர்' ஆல்பத்தைப் பற்றி, வானொலியில் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். திருநெல்வேலிச் சீமையில் இதற்குப் பெரிய முன்னுரை தேவையில்லை. தாளத்தின் மேல் ஏறி உட்கார்ந்து கதை சொல்கிற வேலைதானே! கோயில் கொடைக்குக் கொடை வில்லிசையில் கேட்டு வளர்ந்த காதுகள் நம்முடையவை.

நாஸ் என்றொரு ராப்பர். நியூயார்க்கில் குயின்ஸ்பிரிட்ஜ் என்ற அரசுக் குடியிருப்பில் வளர்ந்தவர். அப்பா ஓலு டாரா ஜாஸ் கலைஞர். 1994-இல் 'இல்மேடிக்' ஆல்பம் வந்தபோது நாஸுக்கு வயது 20. அதில் 'என்.ஒய். ஸ்டேட் ஆஃப் மைண்ட்' பாட்டைக் கேட்டுப் பாருங்கள். பியானோ ஓட ஆரம்பித்ததும், எப்படித் தொடங்குவது என்றே தெரியவில்லை என்று முணுமுணுப்பார். அப்புறம் தொடங்குவார் பாருங்கள், மனுஷன் எங்கே மூச்சு விடுகிறார் என்று நாம் தேடவேண்டும்.

அப்பேர்ப்பட்ட ஆள், 2012-க்குப் பிறகு ஆறு வருஷம் காக்கவைத்து, 2018 ஜூனில் 'நாசிர்' என்று சொந்தப் பெயரிலேயே ஓர் ஆல்பம் கொடுத்தார். 7 பாட்டு, சுமார் 26 நிமிடம். ஜங்ஷனில் பஸ் ஏறிக் காதில் மாட்டினால் சேரன்மாதேவி வருமுன் முடிந்துவிடும்.

சின்னதாக இருப்பது குற்றமில்லை. இதைத் தயாரித்த கான்யே வெஸ்ட் அந்தக் கோடையில் வாரத்துக்கு ஒன்றாக ஐந்து ஆல்பம் இறக்கினார். அதில் புஷா டி என்ற ராப்பரின் 'டேடோனா'வும் 7 பாட்டுதான், 21 நிமிடம்தான். ஒரு சொல்லை உருவ முடியாது. 'இல்மேடிக்'கே 40 நிமிடத்துக்குள் அடங்கியதுதான்.

அப்படியானால் 'நாசிர்' ஏன் மனசில் இறங்கவில்லை? 'காப்ஸ் ஷாட் த கிட்' பாட்டை எடுத்துக்கொள்வோம். போலீஸ் ஒரு பையனைச் சுட்டதைச் சொல்லும் பாட்டு, நாஸுக்கென்றே அமைந்த விஷயம். ஆனால் ஸ்லிக் ரிக் என்ற மூத்த ராப்பரின் பழைய பாட்டிலிருந்து வெட்டியெடுத்த, தலைப்பில் இருக்கிற அந்த நாலு சொல், பாட்டு முழுக்க விடாமல் சுற்றுகிறது. நாஸின் குரல் அதற்குள் அமுங்கிப் போகிறது. வில்லுமேடையில் பின்பாட்டுக்காரர் அண்ணாவியைப் பேசவிடாமல் 'ஆமா, ஆமா' என்று அடித்துக்கொண்டே இருந்தால் கதை நகருமா?

முதல் பாட்டின் பெயர் 'நாட் ஃபார் ரேடியோ'. வானொலிக்கு ஆகாதாம்; நான் இங்கே உட்கார்ந்துதான் அதைப் பேசிக்கொண்டிருக்கிறேன். அமெரிக்காவின் ஃபாக்ஸ் நியூஸ் செய்திச் சேனலை ஆரம்பித்தது ஒரு கறுப்பினத்தவர், இதுவும் உண்மை என்று அதில் அடித்துச் சொல்கிறார். ஊடக முதலாளி ரூப்பர்ட் மர்டாக் 1996-இல் ஆரம்பித்த சேனல் அது! 'எவ்ரிதிங்' பாட்டில் குழந்தைக்குத் தடுப்பூசி போடுவதைப் பற்றிச் சந்தேகம் கிளப்புகிறார். தெருமுனையில் கண்ணால் கண்டதை எழுதியவர், 44 வயதில் கேள்விப்பட்டதையெல்லாம் எழுதியிருக்கிறார். எனக்குப் பெரிய ஏமாற்றம் இதுதான்.

'ஆடம் அண்ட் ஈவ்' மட்டும் தப்பித்தது. இரானியப் பாடகர் குரோஷ் யக்மாயியின் பழைய பாட்டிலிருந்து எடுத்த மெட்டு அது. பின்னணித் தாளம் கொஞ்சம் ஒதுங்கி வழிவிட, பழைய நாஸ் அங்கே தலைகாட்டுகிறார்.

2020-இல் ஹிட்-பாய் என்ற தயாரிப்பாளரோடு சேர்ந்து 'கிங்ஸ் டிசீஸ்' செய்தார். அத்தனை வருஷம் கழித்து முதல் கிராமி விருது அதற்குத்தான் கிடைத்தது. ஜோடி ஒத்துப்போனதால் 2023-க்குள் இருவருமாக ஆறு ஆல்பம் போட்டுவிட்டார்கள். புதிதாகக் கேட்க வருகிறவர்கள் 1994-இல் தொடங்கி நேரே 2020-க்குத் தாவிவிடலாம். போகிற வழியில் 'ஆடம் அண்ட் ஈவை' மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நன்றி, வணக்கம்.