அழாதவர்தான் திடமானவரா?

அவையோருக்கு வணக்கம்.

இழவு வீட்டில் அழாமல் நிற்பவரை 'திடமான ஆளு' என்கிறோம். ராத்திரியில் திடுக்கிட்டு எழுந்து உட்காருபவரைப் பயந்தாங்கொள்ளி என்கிறோம், இல்லையென்றால் மந்திரிக்கக் கூட்டிப்போகிறோம். இந்தக் கணக்கு தப்பு. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

சுனாமி வந்த 2004 டிசம்பர் 26-ஐ எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் ஏறக்குறைய 8,000 பேரைக் கடல் கொண்டுபோனது. அதில் பெரும்பகுதி நாகப்பட்டினம் மாவட்டம். பலருக்கு உடலே கிடைக்கவில்லை. கிடைத்தவற்றையும் ஒரே குழியில் பலராகப் புதைக்க வேண்டிவந்தது. முகம் பார்த்து ஒப்பாரி வைக்கவோ முறைப்படி கருமாதி செய்யவோ எத்தனையோ வீடுகளுக்கு வழியில்லை. துக்கம் தீர்க்க நம்மிடம் இருந்த ஏற்பாடுகளையும் சேர்த்துத்தான் அலை அடித்துப்போனது.

இனி உடம்புக்கு வருவோம். ஆபத்து வந்தால் நெஞ்சு படபடக்கும், கால் ஓடத் தயாராகும். உயிர் காக்கிற வேலை அது. ஆபத்து போனபிறகும் உடம்பு அதை நம்பாதபோதுதான் சிக்கல். அலைச் சத்தம் கொஞ்சம் கூடினால் போதும், என்றோ நடந்தது இந்த நிமிடம் நடப்பதுபோல் வந்து நிற்கும். முதல் சில வாரங்களில் இது யாருக்கும் வரலாம், பெரும்பாலோருக்குத் தானே தணியும். ஒரு மாதம் தாண்டியும் ஆளை முடக்கினால்தான் மருத்துவம் அதை நோயாகக் கருதுகிறது, PTSD (பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோய்) என்று பெயர். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் இதைத் தன் நோய்ப் பட்டியலில் சேர்த்ததே 1980-ல்தான். வியட்நாம் போரிலிருந்து திரும்பியவர்கள் அதற்காகக் குரல் கொடுக்க வேண்டியிருந்தது. முதல் உலகப் போரிலோ கோழைத்தனம் என்று குற்றம்சாட்டி பிரிட்டிஷ் ராணுவம் தன் சிப்பாய்களையே சுட்டுக் கொன்றது. ஆக, பயந்தாங்கொள்ளிப் பட்டம் நம் ஊர்ச் சரக்கு மட்டுமல்ல.

அப்படியானால் திடம் எங்கே இருக்கிறது? பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார்களில் பலர் முன்பே குடும்பக்கட்டுப்பாடு செய்துகொண்டவர்கள். மறுபடி பிள்ளை வேண்டுமென்று அவர்களில் சிலர் கருக்குழாய்களை மீண்டும் இணைக்கும் அறுவை சிகிச்சைக்குப் போனார்கள், அரசும் உதவியது. அதில் குடும்பத்தின் நெருக்கடியும் இருந்திருக்கும், மறுக்கவில்லை. ஆனாலும் அந்த மேசையில் போய்ப் படுக்க என்ன நெஞ்சுரம் வேண்டும், யோசித்துப் பாருங்கள்! அதே பெண் இரவில் அலறியும் இருக்கலாம். அலறலைப் பார்த்த நாம் நெஞ்சுரத்தைக் கணக்கில் எடுக்கவில்லை.

உதவப் போகிற இளைஞர்களுக்கு ஒன்று. "என்ன நடந்தது, எல்லாத்தையும் சொல்லுங்க" என்று துருவாதீர்கள். சம்பவம் நடந்த கையோடு உட்காரவைத்து எல்லாவற்றையும் சொல்லவைக்கும் முறை பலன் தருவதில்லை என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. உலக சுகாதார நிறுவனம் 2011-ல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடும் வற்புறுத்தாதே என்றுதான் சொல்கிறது. சாப்பிட்டார்களா, உறவுக்காரர் எங்கே, இன்றைக்கு என்ன தேவை என்று கேளுங்கள். அவர்களாகப் பேசினால் குறுக்கிடாமல் கேளுங்கள். "நீங்க தைரியமா இருக்கணும்" என்ற வசனம் வேண்டவே வேண்டாம். வாரங்கள் கடந்தும் தூக்கமில்லை, வேலைக்குப் போக முடியவில்லை என்றால் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குத் துணைக்குப் போங்கள். உடனே போக முடியாதவர்கள் அரசின் மனநல உதவி எண்ணான 14416-ஐ அழைக்கலாம். கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம்.