ஊசி போடாதவர் வீட்டில் சம்பந்தம்

(வாசகர் வட்டக் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம்.

உங்கள் வீட்டுப் பெண்ணுக்கு ஒரு வரன் வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பையனுக்கு நல்ல வேலை, கெட்ட பழக்கம் எதுவும் கிடையாது. ஆனால் கொரோனா காலத்தில் ஒரு தவணைகூட ஊசி போட்டுக்கொள்ளவில்லை. வேண்டவே வேண்டாம் என்று நின்றவன். சம்பந்தம் செய்வீர்களா?

சிரிக்கிறீர்கள். ஆனால் டென்மார்க்கில் ஆர்ஹூஸ் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் ஏறக்குறைய இதே கேள்வியை 21 நாடுகளில் கேட்டிருக்கிறார்கள். 2022 டிசம்பரில் ‘நேச்சர்’ இதழில் அது வெளிவந்தது. கற்பனையான ஒரு ஆளைப் பற்றிச் சில விவரங்களைக் கொடுத்தார்கள்: என்ன வயது, என்ன வேலை, எங்கிருந்து வந்தவர், ஊசி போட்டவரா இல்லையா. இப்படிப்பட்டவர் உங்கள் நெருங்கிய சொந்தத்தில் கல்யாணம் செய்துகொண்டால் உங்களுக்கு எப்படி இருக்கும் என்று கேட்டார்கள். ஊசி போட்டுக்கொண்டவர்களின் பதிலைப் பார்த்தால், அந்நிய தேசத்திலிருந்து குடியேறியவர் மேல் இருந்த வெறுப்பைவிட ஊசி போடாதவர் மேல் இருந்த வெறுப்பு அதிகம். போதைப் பழக்கம் உள்ளவர், சிறைக்குப் போய் வந்தவர் என்று ஊர் ஒதுக்கி வைக்கும் ஒரு வரிசை இருக்கிறதே, அந்த வரிசையில் இவரும் போய் நின்றார். நம்ப முடியாதவர், அறிவு குறைந்தவர் என்ற பட்டமும் சேர்ந்துகொண்டது. ஊசி போடாதவர்களிடம் திருப்பிக் கேட்டால், போட்டவர்கள் மேல் அவர்களுக்கு அப்படியொரு கசப்பு அநேகமாக இல்லை.

நான் எந்தப் பக்கம் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பாதிப் பேச்சில் யாராவது எழுந்துவிடுவீர்கள். தடுப்பூசி உயிரைக் காப்பாற்றியது. ஊசி போடாத முதியவர்கள், போட்டவர்களைவிட மிக அதிகமாக இறந்தார்கள். இதில் எனக்குச் சந்தேகம் கிடையாது. போடாதவர் மேல் வந்த கோபமும் எனக்குப் புரிகிறது. 2021 மே மாதம் நம் ஆஸ்பத்திரி வாசல்களில் ஆம்புலன்ஸ்கள் வரிசை கட்டி நின்றதைப் பார்த்தவர்களுக்குக் கோபம் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஆனால் கோபம் ஒன்று, இளக்காரம் வேறு. என்னுடைய வழக்கு இளக்காரத்தோடுதான்.

முதலில், ‘ஊசி போடாதவர்’ என்று நாம் யாரைச் சொன்னோம்?

தமிழ்நாட்டையே எடுத்துக்கொள்வோம். நடிகர் விவேக் 2021 ஏப்ரல் 15 அன்று சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனைக்குப் போய் ஊசி போட்டுக்கொண்டார். மக்களுக்குப் பயம் தெளியட்டும் என்றுதான் அரசு மருத்துவமனையில், எல்லோர் முன்னாலும் போட்டுக்கொண்டார். மறுநாள் மாரடைப்பு. 17ஆம் தேதி போய்விட்டார். அவர் மரணத்துக்கும் ஊசிக்கும் சம்பந்தமில்லை என்று மத்திய அரசின் நிபுணர் குழு சொல்லும்போது அக்டோபர் ஆகிவிட்டது. இடையில் ஆறு மாதம். அந்த ஆறு மாதமும் டீக்கடையில் உட்கார்ந்திருந்தவருக்குத் தெரிந்ததெல்லாம் இவ்வளவுதான்: வியாழக்கிழமை ஊசி, சனிக்கிழமை சாவு. இதைப் பார்த்துப் பயந்தவரை முட்டாள் என்று சொல்ல எனக்கு நாக்கு வராது.

சரி, அப்படிப் பயந்தவர்கள் என்ன ஆனார்கள்? இரண்டாம் அலை அடித்து ஓய்வதற்குள் அவர்களில் பலர் விடியற்காலையிலேயே டோக்கனுக்காக வரிசையில் நின்றார்கள். அப்போது ஊசி கிடைக்கவில்லை! ஏப்ரலில் ‘மறுத்தவர்’, ஜூனில் ‘ஏங்கியவர்’, இரண்டும் ஒரே ஆள். மறுப்பவர் என்பது ஒரு தனி ஜாதி போலவும், பிறவியிலேயே அப்படித்தான் என்பது போலவும் பேசினோம். பெரும்பாலானவர்களுக்கு அது ஒரு மாதத்து மனநிலை.

இன்னொன்று, முகாம்களில் வேலை செய்தவர்களுக்கு நன்றாகத் தெரியும். கோவிஷீல்டு குப்பி ஒன்றில் பத்துப் பேருக்கான மருந்து. திறந்தால் நான்கு மணி நேரத்துக்குள் முடித்தாக வேண்டும், மிச்சத்தைக் கொட்டத்தான் வேண்டும். முகாமில் தன்னார்வலனாகப் பெயர் எழுதிக்கொண்டிருந்த ஒரு மதியம், ஏழு பேர் வந்து உட்கார்ந்திருந்தார்கள். குப்பியைத் திறந்தால் மூன்று பேருக்கான மருந்து வீண், மேலிடத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். “இன்னும் மூணு பேர் வரட்டும்மா, கொஞ்சம் இருங்க” என்றார் நர்சம்மா. அரை மணி, முக்கால் மணி. ஆட்டை அவிழ்க்கணும் என்று ஒருவர் எழுந்தார். பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளை வந்துவிடும் என்று இன்னொருவர். போனவர்கள் அத்தனை பேரும் மாவட்டக் கணக்கில் ‘போடாதவர்’ தான்.

அதே முகாமில் ஒரு அம்மா, வாசற்படி வரை வந்தவர், உள்ளே வரமாட்டேன் என்று நின்றுவிட்டார். நான் வைரஸ், எதிர்ப்புச் சக்தி என்று ஆரம்பித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அதெல்லாம் சரி தம்பி, போட்டா ரெண்டு நாளு காய்ச்சல் வருதாமே. அறுப்பு நடக்குது. ரெண்டு நாள் கூலி யாரு குடுப்பா?” என்றார். என்னிடம் பதில் இல்லை. நர்சம்மா தலையை நிமிர்த்தாமலே கேட்டார்: “அறுப்பு எப்ப முடியுது?” “செவ்வாக்கெழமை.” “அப்ப புதன்கிழமை சப்சென்டருக்கு வாங்க, காய்ச்சல் மாத்திரையும் சேத்துத் தர்றேன்.” அவ்வளவுதான் பேச்சு. அந்த அம்மாவுக்கு அறிவியலில் சந்தேகமே இருந்ததில்லை.

இதைச் சொல்லும்போது ஒரு மறுப்பு வரும். ‘ஐயா, நீங்கள் ஏழைகளையும் பயந்தவர்களையும் காட்டி இரக்கம் தேடுகிறீர்கள். படித்துவிட்டு, காரில் வந்து, வாட்ஸ்அப்பில் பொய்யும் பரப்பிய ஆட்கள் இருந்தார்களே?’ இருந்தார்கள். பொய்யைப் பரப்புவது வேறு குற்றம், அதற்குத் தனியாகப் பேச வேண்டும். தனக்கு ஊசி வேண்டாம் என்பவரையும், ஊருக்கே வேண்டாம் என்று புரளி கிளப்புபவரையும் ஒரே கயிற்றில் கட்டியதுதான் நாம் செய்த கோளாறு.

கட்டாயம் கூடவே கூடாதா என்றால், நான் அப்படிச் சொல்ல வரவில்லை. அரசு போடும் விதி வேலை செய்யும். 2021 ஜூலை 12 அன்று பிரான்ஸ் அதிபர் மக்ரோன், இனி காபிக் கடைக்குள் போகவும் சான்றிதழ் வேண்டும் என்று அறிவித்தார். ஒரே நாளில் ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஊசிக்கு முன்பதிவு செய்தார்கள். சரி, நல்லது. ஆறே மாதத்தில், 2022 ஜனவரியில், அதே மக்ரோன் ஒரு நாளிதழ்ப் பேட்டியில், போடாதவர்களைப் படுத்தி எடுக்கப் போகிறேன் என்று கொச்சையான ஒரு வார்த்தையைப் போட்டுச் சொன்னார். முதலாவது விதி. இரண்டாவது, விதியோடு சேர்த்துக் காறித் துப்புவது.

விதிக்கு ஒரு அளவு உண்டு. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் ஊரில் 1902இல் பெரியம்மை. எல்லோரும் அம்மை குத்திக்கொள்ள வேண்டும், மறுத்தால் ஐந்து டாலர் அபராதம். ஹென்னிங் ஜேக்கப்சன் என்ற பாதிரியார் மறுத்தார். சின்ன வயதில் ஸ்வீடனில் ஊசி போட்டு மிகவும் அவதிப்பட்டவர் அவர். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1905இல் அவர் தோற்றார். ஐந்து டாலரோடு விஷயம் முடிந்தது. பிடித்து வைத்துக் குத்தவில்லை, ஊரை விட்டுத் தள்ளவில்லை.

ஆனால் அந்தத் தீர்ப்புக்கு ஒரு பின்கதை உண்டு. 1927இல் வர்ஜீனியா மாநிலம் கேரி பக் என்ற இளம்பெண்ணை ‘மந்தபுத்தி’ என்று முத்திரை குத்தி, அவருக்குக் கட்டாயக் கருத்தடை செய்ய அனுமதி கேட்டது. கட்டாயத் தடுப்பூசியைத் தாங்கி நிற்கும் அதே கொள்கை கருக்குழாயை வெட்டுவதற்கும் பொருந்தும் என்று எழுதினார் நீதிபதி ஹோம்ஸ். ஆதாரமாக அவர் காட்டிய வழக்கு ஒன்றே ஒன்று, ஜேக்கப்சன் வழக்கு. ஐந்து டாலர் அபராதம் இருபத்திரண்டு வருடத்தில் கத்தியாக வளர்ந்துவிட்டது. ஒருவரை ‘இவர் அறிவு குறைந்தவர், சமூகத்துக்குப் பாரம்’ என்று எண்ணத் தொடங்கிவிட்டால் அளவு மறந்துபோகும். ஆர்ஹூஸ் ஆய்வில் வந்த ‘அறிவு குறைந்தவர்’ என்ற பட்டம் என்னைத் தூங்கவிடாததற்குக் காரணம் இதுதான்.

நம் பக்கம் என்ன நடந்தது? 2021 செப்டம்பரில் நீலகிரியில், ஊசிச் சான்றிதழ் காட்டினால்தான் டாஸ்மாக்கில் சரக்கு என்று உத்தரவு வந்தது. எல்லோரும் சிரித்தோம், நானும் சிரித்தேன். டிசம்பரில் மதுரை மாவட்ட நிர்வாகம், ஒரு தவணைகூடப் போடாதவர்களுக்குப் பொது இடங்களில் அனுமதி இல்லை என்று அறிவித்தது. அதற்கு முன்பே மாநிலப் பொது சுகாதாரத் துறையும் அந்த மாதிரி ஒரு உத்தரவு போட்டிருந்தது. பக்கத்தில் கேரளம், ஊசி போடாமல் கொரோனா வந்து படுத்தால் இலவச சிகிச்சை கிடையாது என்றது. சிங்கப்பூரும் 2021 டிசம்பர் 8 முதல், விரும்பியே போடாதவர்கள் கொரோனா ஆஸ்பத்திரிச் செலவைத் தாங்களே கட்ட வேண்டும் என்றது. எனக்கு இது உவப்பாக இல்லை. ஆனால் சிங்கப்பூர் முறையில் ஒரு கண்ணியம் இருந்ததை மறுக்க மாட்டேன். கொரோனாவுக்கென்று தனியாகக் கொடுத்த சலுகையை மட்டும் எடுத்தார்கள், வழக்கமான மானியத்திலும் காப்பீட்டிலும் கை வைக்கவில்லை. ‘பில் போடும் நிலையே வராமல் இருந்தால் சந்தோஷம்’ என்ற தொனியில்தான் அமைச்சரும் பேசினார்.

மதுரையிலோ, முகநூலில் நம் ஆட்கள் எழுதியதைப் பார்த்திருப்பீர்கள். ‘ரேஷனை நிறுத்து’, ‘ஊருக்குள் விடாதே’. விலக்கி வைப்பதில் நமக்கு நூற்றாண்டுப் பழக்கம். புதிதாக ஒரு காரணம் கிடைத்ததும் கை தானாக நீண்டுவிட்டது.

நம் மாநிலத்து உத்தரவு போன்றவை ஜேக்கப் புலியேல் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தன. புலியேல் குழந்தை மருத்துவர். தடுப்பூசி குறித்து மத்திய அரசுக்கு ஆலோசனை சொல்லும் குழுவிலேயே உறுப்பினராக இருந்தவர். 2022 மே 2 அன்று நீதிபதிகள் நாகேஸ்வர ராவும் கவாயும் தீர்ப்புச் சொன்னார்கள். அரசின் தடுப்பூசிக் கொள்கையில் தவறில்லை. ஆனால் யாரையும் வற்புறுத்தி ஊசி போட முடியாது, உடல் அவரவர் உரிமை. போட்டவரும் தொற்றைப் பரப்புகிறார், போடாதவரும் பரப்புகிறார் என்னும்போது ஒருவரை மட்டும் வெளியே நிறுத்துவது அளவுக்கு மீறியது, தொற்று குறைவாக இருக்கும்வரை இத்தகைய தடைகள் வேண்டாம் என்றார்கள். தொற்று ஏறினால் தடை போடும் கதவையும் அவர்கள் அடைக்கவில்லை. கவனித்தீர்களா, நீதிமன்றமும் அளவைத்தான் பேசியது.

மறுப்பவரை மட்டம் தட்டுவதால் இன்னொரு நஷ்டமும் உண்டு. 1950களில் காசநோய்க்கு எதிராக பி.சி.ஜி. ஊசி இயக்கம் நாடெங்கும் நடந்தது. மருந்து தயாரானது நம் கிண்டியில். 1955இல் அதை வெளிப்படையாக எதிர்த்தவர், சென்னை மாகாண முதலமைச்சர் பதவியிலிருந்து அதற்கு முந்தைய வருடம்தான் விலகியிருந்த ராஜாஜி. சும்மா ஆள் இல்லை. அவர் சொன்னதெல்லாம் சரி என்று நான் சொல்லவில்லை, பல வாதங்கள் நிற்காது. ஆனால் பி.சி.ஜி. நம் ஊரில் எவ்வளவு வேலை செய்கிறது என்ற கேள்வி அடங்கவில்லை. கடைசியில் 1968இல், அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில், திருவள்ளூரைச் சுற்றிய கிராமங்களில், லட்சக்கணக்கான மக்களை வைத்து உலகின் மிகப் பெரிய பி.சி.ஜி. பரிசோதனையைத் தொடங்கினார்கள். பத்து வருடம் கழித்து முடிவு வந்தபோது உலகமே அதிர்ந்தது. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை. சிசுக்களை மூளைக்காய்ச்சல் வகைக் காசநோயிலிருந்து காக்கிறது என்பதால் பிறந்த குழந்தைக்கு இன்றும் போடுகிறோம், போடத்தான் வேண்டும். ஊசிக்கு எது முடியும், எது முடியாது என்று நமக்குத் தெரிந்தது, வாயை மூடு என்று சொல்லாமல் எண்ணிப் பார்க்கப் போனதால்.

நம் அரசு இயந்திரம் ஒரு விஷயத்தை மிக அழகாகச் செய்தது, அதை யாரும் பாராட்டிப் பேசி நான் கேட்டதில்லை. 2021 செப்டம்பர் 12 முதல் ஞாயிற்றுக்கிழமைகளில் மெகா தடுப்பூசி முகாம்கள். முதல் நாளே 28 லட்சம் பேருக்கு மேல். அப்புறம் போகப் போகக் கொஞ்சம் பேர் வரமாட்டேன் என்கிறார்கள். என்ன காரணம்? ஞாயிற்றுக்கிழமை கறி எடுத்திருப்பார்கள், சிலர் கொஞ்சம் போட்டிருப்பார்கள். கறி சாப்பிட்டால், குடித்தால் ஊசி போடக் கூடாது என்று ஒரு நம்பிக்கை. ‘மூடநம்பிக்கை’ என்று நாலு பத்தி கட்டுரை எழுதியிருக்கலாம். சுகாதாரத் துறை என்ன செய்தது தெரியுமா? அக்டோபரில் முகாமைச் சனிக்கிழமைக்கு மாற்றியது. அமைச்சர் மா. சுப்பிரமணியன் காரணத்தையும் வெளிப்படையாகவே சொன்னார். ஞாயிற்றுக்கிழமைக் குழம்பில் கை வைக்காமல் காரியம் நடந்தது.

இந்தக் கதை கொரோனாவோடு முடியவில்லை என்பதால்தான் இன்றைக்கு இதை எடுத்தேன். கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. ஊசியை 14 வயதுப் பெண்பிள்ளைகளுக்கு இலவசமாகப் போடப்போவதாகத் தமிழ்நாடு அரசு 2025 பட்ஜெட்டில் அறிவித்தது. 2017இல் தட்டம்மை–ரூபெல்லா ஊசி போட்டபோது வாட்ஸ்அப் வதந்தி நம் பள்ளிகளில் என்ன பாடு படுத்தியது, எத்தனை பெற்றோர் அன்றைக்குப் பிள்ளையைப் பள்ளிக்கே அனுப்பவில்லை என்பது இங்கே இருக்கும் ஆசிரியர்களுக்கு நினைவிருக்கும். இந்தத் தடவை கேள்வி எப்படி வரும் என்று இப்போதே தெரியும்: “இதைப் போட்டா நாளைக்குப் பிள்ளை உண்டாகாமப் போயிடுமா சார்?” ஆகாது, அப்படியெல்லாம் ஒன்றும் ஆகாது என்பதுதான் உண்மை. அதைப் பெற்றோர் கூட்டத்தில், அந்த அம்மாவின் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, தலைமையாசிரியர் இல்லாத நேரமாகப் பார்த்து, மெதுவாகச் சொல்ல ஊருக்கு இரண்டு பேர் வேண்டும். பெண்களாக இருந்தால் இன்னும் நல்லது. வருகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் வாசலில் இருக்கும் நோட்டில் பெயர் கொடுத்துவிட்டுப் போங்கள்.

நேரமாகிவிட்டது. கேள்விகளைக் கேளுங்கள், முதலில் எனக்கு மறுப்புச் சொல்ல வந்தவர்கள்.