முள்கம்பி மறித்த போர்

அவையில் கூடியிருக்கும் பெரியோர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

முதல் உலகப் போரின் ஆயுதங்கள் என்றவுடன் நச்சுப்புகையும் டாங்கியும் இயந்திரத் துப்பாக்கியுமே நம் நினைவுக்கு வருகின்றன. நான் இன்று பேச எடுத்துக்கொண்டது, தானாக ஒருவரையும் கொல்லாத ஒரு பொருளைப் பற்றி. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தைச் சேர்ந்த ஜோசப் கிளிடன் என்னும் விவசாயி, கால்நடைகளைத் தடுக்கும் வேலிக்காக 1874-இல் காப்புரிமை பெற்ற முள்கம்பிதான் அது. சுவிட்சர்லாந்து எல்லையிலிருந்து வடகடல் வரை ஏறத்தாழ 700 கிலோமீட்டர் நீண்ட மேற்குப் போர்முனையில், 1914 இறுதி முதல் மூன்று ஆண்டுகள் தாக்கியவர்களின் கணக்கையெல்லாம் பொய்க்கச் செய்ததில் இந்தக் கம்பிக்கு இருந்த பங்கு போதிய அளவு பேசப்படவில்லை என்பது என் உறுதியான கருத்து.

கம்பி செய்த வேலை ஒன்றே ஒன்று: ஓடிவரும் வீரனைச் சில நிமிடங்கள் நிறுத்திவைத்தது. நிமிடத்துக்கு 400 முதல் 500 தோட்டாக்கள் வரை சுடும் ஜெர்மானிய இயந்திரத் துப்பாக்கிக்கு அந்தச் சில நிமிடங்களே போதுமானவையாக இருந்தன. கையெறி குண்டு அகழிக்குள் விழாத தொலைவில் கம்பி கட்டப்பட்டது. தொடக்கத்தில் இரவில் மரக்கட்டைகளைச் சம்மட்டியால் அடித்து இறக்கவேண்டியிருந்ததால், அந்த ஓசையே எதிரிக்கு இலக்கைக் காட்டிக்கொடுத்தது. பின்னர் திருகாணிபோல் முறுக்கிய நுனியுடைய இரும்புக் கம்பங்கள் வந்தன. அவற்றைச் சத்தமின்றி மண்ணுக்குள் திருகி இறக்கிவிடலாம். 1916-இல் பிரான்சின் சோம் ஆற்றையொட்டிய போர்முனையின் பல பகுதிகளில் ஜெர்மானியக் கம்பி, ஒவ்வொன்றும் சுமார் 30 கஜம் அகலமுள்ள இரண்டு பட்டைகளாக நின்றது.

இதை எப்படி அறுப்பது? கத்தரிக்கோலுடன் ஊர்ந்து சென்றவர்கள் பலர் திரும்பவில்லை. நம் பக்கத்திலிருந்து போன ஒரு கருவியை இங்கே குறிப்பிட்டாக வேண்டும். தமிழ் வீரர்கள் பெருமளவில் பணியாற்றிய மெட்ராஸ் சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ் என்னும் பொறியியல் படையின் அதிகாரியான கேப்டன் மெக்ளின்டாக், போருக்கு முன்பே பெங்களூரில் உருவாக்கிய வெடிகுழாய் அது. வெடிமருந்து நிரப்பிய குழாய்களை ஒன்றோடொன்று பொருத்தி, மறைவில் படுத்தபடியே கம்பிக்கு அடியில் தள்ளி வெடிக்கச் செய்தால் ஆள் புகும் வழி திறக்கும். ‘பெங்களூர் டார்பிடோ’ என்ற பெயரிலேயே இரண்டாம் உலகப் போரில், 1944-இல் நார்மண்டிக் கடற்கரை வரை அது சென்றது. ஆயினும் அது திறப்பது ஒரு குறுகிய வழியைத்தான். ஒரு லட்சம் பேர் தாக்குவதற்குப் பீரங்கியைத்தான் நம்பவேண்டியிருந்தது.

பிரிட்டிஷார் அதற்குப் பயன்படுத்தியது 18 பவுண்டர் பீரங்கியின் ஷ்ராப்னெல் குண்டு. அதன் உள்ளே ஏறத்தாழ 375 ஈயக் குண்டுகள் இருக்கும். குறித்த நேரத்தில் வானில் வெடித்து அவற்றை முன்னோக்கிச் சிதறடிக்கும். வெட்டவெளியில் நிற்கும் மனிதர்களை வீழ்த்துவதற்கென்றே அமைந்தது அது. கம்பியை அறுக்கவேண்டுமானால், கம்பிக்குச் சற்று முன்பாக, தரைக்கு வெகு அருகில், மிகச் சரியான உயரத்தில் வெடிக்கவேண்டும். சற்று உயர்ந்தாலும் பயனில்லை, தாழ்ந்தால் மண்ணுக்குள் புதைந்துவிடும். வெடிமருந்து நிரம்பிய பெருவெடிகுண்டோ மண்ணுக்குள் புகுந்த பிறகே வெடித்ததால், கம்பி அப்படியே மேலெழும்பி, முன்னிலும் சிக்கலாகக் குழிக்குள் விழுந்தது.

1915 மார்ச் 10 அன்று பிரான்சின் நவ் ஷப்பேல் கிராமத்தில் 35 நிமிட பீரங்கி வீச்சு நடுப்பகுதிக் கம்பியைத் துடைத்தெறிந்தது. இடப்பக்கத்திலோ, தாமதமாக வந்து சேர்ந்த பீரங்கிகள் குறி சரிபார்க்க நேரமில்லாமல் சுட்டதால் கம்பி நின்றது. அதன் முன்னால் இரண்டு பிரிட்டிஷ் படைப்பிரிவுகள் அழிந்தன. தாக்கிய படையில் பாதி நம் இந்தியப் படையினர்; அவர்களிலும் ஒரு கர்வால் படைப்பிரிவு திசை விலகி, குண்டு விழாத கம்பியின் முன்னே போய் நின்று பேரிழப்புக்கு ஆளானது.

படைத்தலைவர்கள் இதிலிருந்து எடுத்துக்கொண்ட முடிவு, இன்னும் அதிகமாகச் சுடுவோம் என்பது. சோமில் ஒரு வாரம் இடைவிடாமல் 15 லட்சத்துக்கும் மேற்பட்ட குண்டுகள் வீசப்பட்டன. அவற்றில் கணிசமானவை வெடிக்கவே இல்லை. 1916 ஜூலை 1 காலை தெற்கே மோன்டபான் பக்கம் கம்பி நன்றாக அறுபட்டிருந்ததால் அங்கே படைகள் குறித்த இடத்தை அடைந்தன. வடக்கே போமோன் ஹமெலில் இன்று கனடாவின் பகுதியான நியூஃபவுண்ட்லாந்தின் படைப்பிரிவு கண்டதை நினைத்தால் இன்றும் மனம் பதறுகிறது. முன்வரிசை அகழிகள் காயமுற்றவர்களால் அடைபட்டிருந்ததால், அவர்கள் பின்வரிசையிலிருந்தே வெட்டவெளியில் நடந்தார்கள். தங்கள் சொந்தக் கம்பியில் வெட்டியிருந்த இடைவெளிகள் வழியே நெருக்கியடித்து நுழையவேண்டியிருந்தது. ஜெர்மானியத் துப்பாக்கிகள் அந்த இடைவெளிகளையே குறிவைத்திருந்தன. சுமார் 800 பேர் புறப்பட்டார்கள். மறுநாள் பெயர் அழைத்தபோது 68 பேரே பதில் கூறினர். அன்று ஒரே நாளில் பிரிட்டிஷ் தரப்பில் இறந்தவர்கள் மட்டும் 19,240 பேர்.

இதில் ஒரு பெரிய கேடு மறைந்திருந்தது. கம்பியை அறுக்க ஒரு வாரம் சுட்டால், எங்கே தாக்கப்போகிறோம் என்பதை எதிரிக்கு ஒரு வாரம் முன்னதாகவே அறிவித்துவிடுகிறோம். எதிர்பாராத தாக்குதல் என்ற ஒன்றே போர்முனையிலிருந்து மறைந்துபோனது.

அதை மீட்டுத் தந்தவற்றில் முதலாவது, 106 என்னும் எண்ணிட்ட சிறிய வெடிமூட்டி. குண்டு பீரங்கியை விட்டுக் கிளம்பிச் சுழலும்போது அதன் முனையைச் சுற்றிய பித்தளை நாடா அவிழும்; பிறகு எதன்மீது பட்டாலும் அக்கணமே வெடிக்கும். மண்ணைக் குடையாமல் பக்கவாட்டில் சிதறிக் கம்பியை நறுக்கியது. 1917 ஏப்ரலில் அராஸ், விமி தாக்குதல்களில் அதன் பயன் தெளிவாகத் தெரிந்தது. இரண்டாவது, டாங்கி. 1917 நவம்பர் 20 அன்று பிரான்சின் காம்ப்ரேயில் 476 டாங்கிகள் கம்பியை மிதித்து நசுக்கின.

மூன்றாவதை நான் மிகவும் மதிக்கிறேன். அது ஒரு இயற்பியல் அறிஞரின் உழைப்பு. 25 வயதில் நோபல் பரிசு பெற்ற லாரன்ஸ் பிராக், அச்செய்தி வந்தபோது ஒலியைக் கொண்டு எதிரிப் பீரங்கியின் இடத்தைக் கண்டறியும் பணியில் இருந்தார். ஆறு ஒலிவாங்கிகளை வரிசையாக வைத்து, ஓசை ஒவ்வொன்றையும் அடைந்த நேர வேறுபாட்டைக் கணக்கிடுவதே முறை. குண்டு பறக்கும் கூர்மையான ஒலி, பீரங்கியின் ஆழ்ந்த ஒலியை மறைத்துவிட்டது. அவருடன் பணிபுரிந்த டக்கர், சூடேற்றிய மெல்லிய பிளாட்டினக் கம்பியைத் துளையிட்ட பெட்டியில் வைத்தார். ஆழ்ந்த ஒலியின் காற்றசைவு மட்டுமே அக்கம்பியைக் குளிர்வித்து மின்தடையை மாற்றியது. இதனுடன் துல்லியமான நில அளவையும் சேர்ந்தபோது, முன்கூட்டியே ஒரு குண்டுகூடச் சுட்டுப் பார்க்காமல் குறிவைக்க முடிந்தது. காம்ப்ரேயில் 1,003 பீரங்கிகள் அவ்வாறே காத்திருந்து ஒரே நேரத்தில் முழங்கின. பத்து நாட்கள் கழித்து ஜெர்மானியர் தொடங்கிய எதிர்த்தாக்குதலில் பெரும்பகுதியை மீட்டுக்கொண்டாலும், வழி தெரிந்துவிட்டது.

1918 ஆகஸ்ட் 8 அன்று பிரான்சின் ஆமியேன் நகருக்கு எதிரே இருந்த 530 ஜெர்மானியப் பீரங்கிகளில் 504-இன் இடம் தாக்குதலுக்கு முன்பே குறிக்கப்பட்டிருந்தது. அதிகாலை 4.20-க்கு முன்னறிவிப்பின்றித் தொடங்கிய தாக்குதல், ஒரே நாளில் சுமார் 13 கிலோமீட்டர் வரை முன்னேறியது. நான்கைந்து நாட்களில் ஓடும் நிலையிலிருந்த டாங்கிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆனாலும் முன்னேற்றம் நிற்கவில்லை. செப்டம்பர் 29 அன்று செயின்ட் குவென்டின் கால்வாயில் ஜெர்மானியரின் வலுவான தற்காப்பு வரிசையான ஹிண்டன்பர்க் அரண் உடைந்தபோது, முந்தைய நாட்களின் பீரங்கி வீச்சு அங்கே கம்பியில் வழி திறந்து வைத்திருந்தது.