ஒத்துக்காத பிரஷர் மாத்திரை

வணக்கம் நேயர்களே. பழைய வண்ணாரப்பேட்டையில் மருந்துக் கடை வைத்திருக்கிறேன். "பிரஷர் மாத்திரை ஒத்துக்கல, விட்டுட்டேன்" என்று யாராவது வந்து சொல்லாத வாரமே கிடையாது. எந்த மாத்திரை என்று கேட்டால், "சின்னதா, வெள்ளையா இருக்குமே" என்பார்கள். என் அலமாரியில் பாதி அப்படித்தான் இருக்கிறது!

ரத்த அழுத்தத்துக்கு ஒரே மருந்து இல்லை; பல வகை உண்டு. ஒவ்வொன்றின் தொந்தரவும் வேறு. ஒன்று ஒத்துக்கொள்ளாவிட்டால் மாற்ற வழி இருக்கிறது. நாமாக நிறுத்துவதில்தான் ஆபத்து.

காசிமேட்டில் மீன் விற்கும் அம்மா ஒருவர் வந்தார். செருப்பைக் கழற்றினால் வார் பதிந்த தடம் பள்ளமாக நின்றது. "கிட்னி போயிடுச்சா தம்பி?" என்றார். சீட்டில் அம்லோடிபின் 10 மில்லிகிராம். இது ரத்தக் குழாய்களைத் தளர்த்தும். அதனால் நீர் கசிந்து கணுக்காலில் தேங்கும். 5 மில்லிகிராமில் இந்த வீக்கம் குறைவு. நீர் பிரியும் மாத்திரை போட்டாலும் பெரிதாக வடியாது. டாக்டர் அளவைக் குறைப்பார், அல்லது டெல்மிசார்டான் போன்றதைச் சேர்ப்பார். அந்த அம்மாவுக்கும் அளவைக் குறைத்தார்கள், வீக்கம் வடிந்தது. ஆனால் ஒரு கால் மட்டும் வீங்கினாலோ, படுத்தால் மூச்சு வாங்கினாலோ மாத்திரை மேல் பழி போட்டுவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். உடனே காட்டுங்கள்.

அடுத்து வறட்டு இருமல். எனலாப்ரில் சாப்பிடுபவர்களில் சிலருக்கு வரும், சில மாதம் கழித்துக்கூடத் தொடங்கும். எண்ணூர், மணலிப் பக்கம் இருப்பவர்கள் புகையைத் திட்டிக்கொண்டே இருமல் மருந்தை பாட்டில் பாட்டிலாகக் குடிப்பார்கள். புகையும் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனாலும் மாத்திரையின் பெயரையும் ஒருமுறை பாருங்கள். இதற்குப் பதில் லோசார்டான், டெல்மிசார்டான் தருவார்கள்; இருமல் அடங்கச் சில வாரம் ஆகும். எனலாப்ரிலால் உதடு, நாக்கு வீங்கினால் மட்டும் கதை வேறு. அடுத்த வேளையைப் போடாமல், ஸ்டான்லி மாதிரி பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்கு ஓடுங்கள்.

எழுந்தால் தலை சுற்றுகிறதா? கட்டிலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்திருங்கள். வாந்தி, பேதி வந்த நாளில் எந்த மாத்திரையைப் போடலாம், எதை நிறுத்தி வைக்கலாம் என்று டாக்டரைக் கேளுங்கள். நீர் பிரியும் மாத்திரையைக் காலையிலேயே போட்டால் ராத்திரி தூக்கம் கெடாது. அட்டெனோலால் சாப்பிடுபவர்கள் திடீரென்று விடவே கூடாது. நெஞ்சு படபடத்து, மாரடைப்பு வரைக்கும் போகலாம்.

மருந்துக் கடைக்காரன் சொல்லக் கூடாததையும் சொல்கிறேன். மூட்டு வலிக்கு டைக்ளோஃபினாக் கேட்டு வருகிறீர்கள். அது பிரஷரை ஏற்றும், சிறுநீரகத்தையும் பதம் பார்க்கும். நீங்களாகக் கேட்டு வாங்காதீர்கள். சோடியம் குறைந்த உப்பிலும் கவனம்: அதில் பொட்டாசியம் இருக்கிறது. எனலாப்ரில், டெல்மிசார்டான் சாப்பிடுபவர்களுக்கு, அதிலும் சிறுநீரகம் பழுதானவர்களுக்கு, அது ரத்தத்தில் ஏறிவிடலாம். கருவாட்டைப் பற்றி நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை வருகிறது. கொண்டு வருபவரிடம் "நல்லா இருக்கேன்" என்று வாங்கி டப்பாவில் சேர்த்து வைக்காதீர்கள். கால் வீக்கமோ இருமலோ, அவரிடமே சொல்லுங்கள். டாக்டரைப் பார்க்கப் போகும்போது மாத்திரை அட்டையோடு போங்கள். பெயர் இருக்கும் பக்கத்தைக் கடைசி வரை கிழிக்காமல் வையுங்கள்.