ஒத்தாசை செஞ்சா நம்ம உடம்புக்கு என்ன நடக்கு
(பாளையங்கோட்டை பெருமாள்புரத்துல பெரியவுக கூட்டத்துல பேசுனது, பேசுன மாதிரியே எழுதிருக்கேன்)

அண்ணாச்சிமாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம். இந்த வெயில்ல நடந்து வந்திருக்கிய, அதனால நேரா விஷயத்துக்கு வந்துருதேன்.

இங்க ஒக்காந்திருக்கவுகள்ல நெறைய பேரு வீட்டுல பிள்ளைய சென்னையிலயும் பெங்களூர்லயும் அமெரிக்காவுலயும் இருக்கு, வீட்டுல ரெண்டு பேருதான், செல வீட்டுல ஒத்த ஆளுதான், யார்கிட்ட பேசுனாலும் கடைசியில ஒண்ணுதான் சொல்லுதாக, "நம்ம காலம் முடிஞ்சு போச்சுய்யா, இனிமே நம்மள யாராவது பாத்துக்கிட்டா போதும்"னு. இந்தப் பேச்ச கேட்டா எனக்கு மனசு தாங்கல. பாத்துக்கிட ஆளு வேணுந்தான், யாரு இல்லன்னா? ஆனா நம்மள நல்லா வச்சுக்கிடறதுக்கு அது மட்டும் பத்தாது, நாமளும் யாருக்காவது எதாவது செஞ்சுகிட்டே இருக்கணும்.

வாய்க்கு வந்தத சொல்லல. அமெரிக்காவுல மிச்சிகன் பல்கலைக்கழகத்துல ஸ்டெபனி பிரவுன்னு ஒரு அம்மா, அவுக கூட இருந்தவுகளும் சேந்து 2003-ல ஒரு ஆய்வு வெளியிட்டாக. 423 வயசான தம்பதிகள அஞ்சு வருஷம் கவனிச்சிருக்காக. நீங்க அக்கம்பக்கத்துக்கு, சொந்தக்காரங்களுக்கு, பழக்கப்பட்டவுகளுக்கு என்ன செய்யிதிய, கடைக்கு போய்ட்டு வாரியளா, பிள்ளைய பாத்துக்கிடுதியளா, வீட்டுக்காரர் வீட்டுக்காரம்மா மனசு விட்டு பேசுனா காது குடுத்து கேக்கியளான்னு கேட்டாக, அதே மாதிரி உங்களுக்கு அடுத்தவுக என்ன செய்யிதாகன்னும் கேட்டாக. அஞ்சு வருஷம் கழிச்சு பாத்தா, உதவி செஞ்சவுகள்ல இறந்து போனவுக கொறைவு. உதவி வாங்கிக்கிட்டதுக்கு அந்த மாதிரி பலன் எதுவும் தெரியல. நல்லா இருக்கவுகதான உதவி செய்வாக, அதனாலதான அப்படி வந்திருக்கும்னு நீங்க கேப்பிய, நானும் அததான் நெனச்சேன், ஆனா வயசு, உடம்பு நெலம எல்லாத்தையும் கணக்குல எடுத்த பெறவும் அப்படித்தான் வந்திருக்கு. இதனாலதான் அதுன்னு அடிச்சு சொல்ல ஒரு ஆய்வு காணாது, ஆனா ஒதுக்கித் தள்ளுத விஷயம் இல்ல இது.

இன்னொண்ணு, இது கனடாவுல நடந்தது, 2008-ல வந்துச்சு. 46 பேரு. காலையில ஆளுக்கு ஒரு கவரு, செல கவருல அஞ்சு டாலரு, செல கவருல இருவது. பாதிப் பேருகிட்ட உங்களுக்கே செலவழிங்கன்னு சொன்னாக, பாதிப் பேருகிட்ட அடுத்தவுகளுக்கு செலவழிங்கன்னு சொன்னாக, சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள செலவழிச்சிரணும். பெறவு போன் போட்டு கேட்டா, அடுத்தவுகளுக்கு செலவழிச்சவுகதான் கூடுதல் சந்தோஷமா இருந்திருக்காக, அஞ்சா இருவதான்னு ஒரு வித்தியாசமும் இல்ல! ஆனா வேற ஆளுககிட்ட எதுல சந்தோஷம் கூடுதல் இருக்கும்னு முன்கூட்டியே கேட்டதுக்கு, இருவது டாலர தனக்கே செலவழிக்கதுலன்னு சொல்லியிருக்காக. நமக்கு எது சந்தோஷம்னு நமக்கே தெரியல பாருங்க.

நம்மூரு ஆளுகளுக்கு இரக்கம் இல்லன்னு யாரும் சொல்ல முடியாது. 2023 டிசம்பர் 17, 18-ல காயல்பட்டணத்துல ஒரே நாளுல 95 சென்டிமீட்டர் கிட்ட பேஞ்சுச்சே, திருச்செந்தூர்லருந்து சென்னைக்கு கெளம்புன ரயிலு ஸ்ரீவைகுண்டத்துல மாட்டிக்கிட்டு, அதுல 800 பேரு கிட்ட, சுத்தி தண்ணி, பக்கத்து புதுக்குடி ஊர்க்காரங்க அவுக வீட்டுக்குள்ளயே தண்ணி நிக்கையில அரிசி பருப்பு சேத்து பொங்கிப் போட்டாக. வெள்ளம்னா நாம எறங்கிருவோம். ஒண்ணும் நடக்காத செவ்வாக்கெழமைக்குத்தான் நாம கதவ சாத்திக்கிடுதோம்.

அந்த செவ்வாக்கெழமைக்கு என்ன செய்யலாம்? இங்க பாளையங்கோட்டையில இருக்க ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்கு காலையில எட்டு மணிக்கு போய் பாருங்க. சங்கரன்கோயில் பக்கமிருந்து, அம்பாசமுத்திரம் பக்கமிருந்து மொத பஸ்ஸ புடிச்சு வந்த ஆச்சிமாரு கையில சீட்ட வச்சுக்கிட்டு ரத்தம் எங்க குடுக்கணும் ஸ்கேன் எங்க எடுக்கணும்னு நிப்பாக. அங்க ஒரு அண்ணாச்சிய பாத்தேன், வேலையிலருந்து ஓய்வு வாங்குனவரு, எழுவதுக்கு மேல இருக்கும். சீட்ட வாங்கி கண்ணுக்கு தூரமா புடிச்சு வாசிப்பாரு, "வாங்கம்மா"ன்னு முன்னால நடப்பாரு, ஆச்சிக்கு மூச்சு வாங்குனா சொல்லாமலே அவரும் நின்னுக்கிடுவாரு. ஜன்னல்ல விட்டுட்டு திரும்பி வாசலுக்கு வந்துருவாரு. "வீட்டுக்காரி போன பெறவு வீட்டுல கெடந்தா ராத்திரி தூக்கமே வராது, இங்க வந்துட்டு போனா படுத்ததும் தூங்கிருதேன்"னாரு.

இது என்ன பெரிய உதவியா, போய் கேட்டா சிரிக்க மாட்டாகளான்னு கூச்சப்படாதிய. சிகாகோவுல ஐஸ் மேல சறுக்கி வெளையாடுத எடத்துல, குளுருக்கு சூடா ஒரு சாக்லேட் பானத்த முன்ன பின்ன தெரியாதவுகளுக்கு குடுக்கச் சொல்லி பாத்திருக்காக. குடுத்தவுக நெனச்சத விட வாங்குனவுகளுக்கு கூடுதல் சந்தோஷம். நாம செய்யித உதவிய நாமதான் சின்னதா நெனைக்கோம்.

ஒண்ணு கண்டிப்பா சொல்லணும். படுக்கையில கெடக்க மாமியாரயோ புருஷனயோ ராத்திரி பகலா பாத்துக்கிடுத அக்காமாரு இங்க இருக்கிய. நான் சொல்லுதது உங்களுக்கு இல்ல. உங்களப் பாத்து இன்னும் அன்பா இருங்கன்னு சொல்லுதது பாவம். மனசா விரும்பி செஞ்சாத்தான் செய்யிதவுகளுக்கு நல்லது, தலையில கட்டுனா ஆள உருக்கிரும். உங்களுக்கு மத்தவுகதான் செய்யணும், வாரத்துல ஒரு நாளு சாயங்காலம் யாராவது வந்து அவுக பக்கத்துல ஒக்காந்தா நீங்க நெல்லையப்பர் கோயிலுக்கோ கடைக்கோ போய்ட்டு வரலாம்லா?

அதனால ரெண்டு வேலைக்கு ஆளு கேக்கேன். ஒண்ணு, ஆஸ்பத்திரி வாசல்ல காலையில எட்டுலருந்து பத்து வரைக்கும் நிக்கதுக்கு. இன்னொண்ணு, இந்த மாதிரி வீடுகள்ல சாயங்காலம் ரெண்டு மணி நேரம் போய் ஒக்காரதுக்கு. முட்டு வலி இருக்கவுக ரெண்டாவதுக்கு வாங்க. டீ வந்துட்டு, குடிச்சுக்கிட்டே பேரையும் என்னைக்கு தோதுப்படும்னும் இந்த நோட்டுல எழுதிருங்க.