ஐந்து பேர் இருந்த அறை: ஆக்ஸ்ஃபோர்டு பள்ளியில் கேட்கப்படாத கேள்வி

[திரையில்: காலியான பள்ளி அலுவலக அறை. ஒரு மேசை, ஐந்து நாற்காலிகள்.]

2021 நவம்பர் 30, செவ்வாய்க்கிழமை காலை. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஆக்ஸ்ஃபோர்டு உயர்நிலைப் பள்ளி. அலுவலக அறையில் ஐந்து பேர்: 15 வயது மாணவன், அவனுடைய அப்பா, அம்மா, பள்ளிக் கவுன்சிலர், மாணவர் ஒழுங்கைக் கவனிக்கும் அதிகாரி. பையனுடைய பையும் அவனோடுதான் இருக்கிறது. கால் மணி நேரம்கூட ஆகவில்லை, பேச்சு முடிந்துவிடுகிறது. பெற்றோர் கிளம்புகிறார்கள், பையன் வகுப்புக்குப் போகிறான்.

மதியம் 12:51. அந்தப் பையில் இருந்த துப்பாக்கியால் அவன் சுட ஆரம்பித்தான். நான்கு மாணவர்கள் இறந்தார்கள். ஓர் ஆசிரியர் உட்பட ஏழு பேருக்குக் காயம்.

சுட்டவன் பெயரை இந்த வீடியோவில் சொல்லப் போவதில்லை. நமக்கு வேண்டியது அந்தக் கால் மணி நேரம்.

[திரையில்: கணக்குத் தாள். ஓரத்தில் பென்சில் கிறுக்கல்கள், மங்கலாக.]

பெற்றோரைக் கூப்பிடக் காரணம் இந்தத் தாள். காலையில் கணக்கு ஆசிரியை இதைப் பார்க்கிறார். ஒரு துப்பாக்கிப் படம், ஒரு தோட்டா, ரத்தம் சிந்தும் ஓர் உருவம். பக்கத்திலேயே, "எண்ணங்கள் நிற்க மாட்டேன் என்கின்றன. எனக்கு உதவுங்கள்" என்று எழுதியிருக்கிறது. ஆசிரியை உடனே போனில் படம் எடுத்துக்கொண்டார். நல்லவேளை என்றுதான் சொல்ல வேண்டும். ஏனென்றால் தாள் அலுவலகத்துக்குப் போவதற்குள் பையன் படங்களைக் கிறுக்கி அடித்துவிட்டு, "என் வாழ்க்கை எனக்கு ரொம்பப் பிடிக்கும்" என்று மாற்றி எழுதிவிட்டான்.

முந்தைய நாளும் ஒன்று நடந்தது. வகுப்பில் போனில் தோட்டாக்களைத் தேடிக்கொண்டிருந்தான். பள்ளியிலிருந்து அம்மாவுக்கு வாய்ஸ் மெயில் போனது. அவர் பள்ளிக்குப் பதில் சொல்லவில்லை, மகனுக்கு மெசேஜ் அனுப்பினார்: "சிரிப்புதான் வருது, எனக்குக் கோபமில்லை. மாட்டிக்காம இருக்கக் கத்துக்கணும்."

சரி, கவுன்சிலர் என்ன செய்தார்? பையன் தற்கொலை செய்துகொள்வானோ என்றுதான் அவர் பயந்தார். இன்றே சிகிச்சைக்குக் கூட்டிப்போங்கள் என்று பெற்றோரிடம் சொன்னார். வேலை இருக்கிறது, இன்று முடியாது என்றார்கள். 48 மணி நேரத்துக்குள்ளாவது பார்த்துவிடுங்கள் என்றார். வீட்டில் தனியாக விடுவதைவிட நாலு பேர் நடுவில் வகுப்பில் இருப்பதே பாதுகாப்பு என்று அவருக்குத் தோன்றியது. தற்கொலையை மட்டும் மனதில் வைத்துப் பார்த்தால் அது முட்டாள்தனமான யோசனை இல்லை. ஆனால் அவருக்குத் தெரியாத ஒரு விஷயம் பெற்றோர் இருவருக்கும் தெரியும்.

நான்கு நாள் முன்னால், நவம்பர் 26-ஆம் தேதி, அப்பா ஒரு 9 எம்எம் கைத்துப்பாக்கி வாங்கியிருந்தார், மகனுக்காக. அவனும் அதன் படத்தை இன்ஸ்டாகிராமில் போட்டான். மறுநாள் அம்மாவே அவனைச் சுடும் பயிற்சிக் கூடத்துக்குக் கூட்டிப்போனார். துப்பாக்கிப் படம் வரைந்த தாளை மேசைமேல் பார்த்த பிறகும் இருவரும் இதைப் பற்றி வாய் திறக்கவில்லை. "வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா?" என்று அவர்களை யாரும் கேட்கவும் இல்லை. பையைத் திறந்து பார்க்கவும் இல்லை.

பதினைந்து வயதுப் பையனின் கிறுக்கலைப் பார்த்து இதை எப்படி ஊகிப்பது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பதற்றத்தில் வரைகிற பிள்ளைகள் ஆயிரம் பேர், சுடுகிறவன் ஒருவன். அதனால்தான் அமெரிக்காவில் 'அச்சுறுத்தல் மதிப்பீடு' என்றொரு நடைமுறை வந்தது. அதில் யார் குற்றவாளி ஆவான் என்று ஜோசியம் பார்க்கும் வேலை கிடையாது. நிர்வாகி, கவுன்சிலர், காவலர் ஒன்றாக உட்கார்ந்து, ஆளுக்கொரு துண்டாகத் தெரிந்ததை மேசையில் போடுவார்கள். பிள்ளை யாரிடம் என்ன சொன்னான், எதைத் தேடினான், ஆயுதம் அவன் கைக்கு எட்டுமா என்று பார்ப்பார்கள். அதிபரின் பாதுகாப்பைக் கவனிக்கும் அமெரிக்க ரகசியச் சேவையும் (Secret Service) கல்வித் துறையும் 37 பள்ளித் தாக்குதல்களை ஆராய்ந்து 2002-இல் ஓர் அறிக்கை வெளியிட்டன. அவற்றில் ஐந்தில் நான்கில், தாக்கியவனின் எண்ணம் முன்கூட்டியே யாரோ ஒருவருக்காவது தெரிந்திருந்தது. துப்பறிகிறவர்கள் இதைக் 'கசிவு' என்பார்கள்.

ஆக்ஸ்ஃபோர்டில் கசிவுக்குப் பஞ்சமே இல்லை. ஆசிரியையிடம் படம், பள்ளியிடம் தோட்டாத் தேடல், பெற்றோரிடம் துப்பாக்கி. அப்புறம், அந்தப் பைக்குள்ளேயே திட்டத்தை எழுதிவைத்த நோட்டுப் புத்தகம். அச்சுறுத்தல் மதிப்பீடு செய்திருக்க வேண்டும், செய்யவில்லை என்று 2023-இல் சுயாதீன விசாரணை அறிக்கை சொன்னது.

சம்பவச் செய்தி பரவியதும் அம்மா மகனுக்கு "செய்யாதே" என்று மெசேஜ் அனுப்பினார். அப்பா வீட்டுக்கு ஓடி, துப்பாக்கியைத் தேடிவிட்டு, அவசர உதவி எண் 911-ஐ அழைத்தார்: துப்பாக்கியைக் காணோம், சுட்டது என் மகனாக இருக்கலாம். இவ்வளவு சீக்கிரம் இருவருக்கும் அது தோன்றியிருக்கிறது, பாருங்கள்.

[திரையில்: நீதிமன்ற மேசை. பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு கேபிள் பூட்டு.]

மகனுக்கு 2023 டிசம்பரில் பரோல் இல்லாத ஆயுள் தண்டனை. பெற்றோருக்கு 2024 ஏப்ரலில் தலா 10 முதல் 15 ஆண்டு. பிள்ளை நடத்திய பள்ளித் துப்பாக்கிச் சூட்டுக்காகப் பெற்றோர், கொல்லும் நோக்கமில்லாமல் மரணம் விளைவித்த குற்றத்தில் தண்டிக்கப்பட்டது அமெரிக்காவில் அதுவே முதல் முறை. சுட முடியாதபடி துப்பாக்கியைப் பூட்டி வைக்க அதோடு வந்த கேபிள் பூட்டை அரசுத் தரப்பு நீதிமன்றத்தில் காட்டியது. உறைகூடப் பிரிக்கப்படவில்லை.

சிறுவர்கள் இருக்கும் வீட்டில் துப்பாக்கியைப் பூட்டி வைத்தே ஆக வேண்டும் என்ற சட்டம் அப்போது மிச்சிகனில் இல்லை. அது அமலுக்கு வந்தது 2024 பிப்ரவரி 13. அம்மா குற்றவாளி என்று தீர்ப்பு வந்து சரியாக ஒரு வாரம் கழித்து.