சிபாரிசில் வளர்ந்தவர் போட்ட கையெழுத்து

அடுத்த கேள்வி. "அமெரிக்காவில் கார்ஃபீல்டுக்குப் பிறகு ஜனாதிபதியான செஸ்டர் ஆர்தர், சிபாரிசு அரசியலில் வளர்ந்தவர். அவரே அரசு வேலைக்குத் தேர்வு வைக்கும் சட்டத்தில் எப்படிக் கையெழுத்துப் போட்டார்? மனம் திருந்திவிட்டாரா?" என்று ஒரு நேயர் கேட்டிருக்கிறார்.

ஆர்தர் 1871 முதல் நியூயார்க் துறைமுகச் சுங்க அலுவலகத்தின் தலைவர். அங்கே வேலையெல்லாம் அவருடைய குடியரசுக் கட்சிக்காரர்களுக்குத்தான். வேலை கிடைத்தவர் சம்பளத்தில் ஒரு பங்கைக் கட்சிக்குக் கட்ட வேண்டும். இதற்கெல்லாம் மேலே இருந்து ஆட்டிவைத்தவர் செனட்டர் ராஸ்கோ கான்க்ளிங். ஆர்தர் அவருடைய ஆள். 1878-இல் ஜனாதிபதி ஹேய்ஸ் ஆர்தரைப் பதவியிலிருந்து தூக்கினார். இரண்டே வருடத்தில் கட்சி அவரைத் துணை ஜனாதிபதி வேட்பாளர் ஆக்கியது!

1881 ஜூலை 2-ஆம் தேதி, அரசு வேலை கேட்டு அலைந்து ஏமாந்த சார்லஸ் கிட்டோ, வாஷிங்டன் ரயில் நிலையத்தில் கார்ஃபீல்டைச் சுட்டான். பிடிபட்டதும், இனி ஆர்தர்தான் ஜனாதிபதி என்று வேறு சொல்லிவிட்டான். ஆர்தர் நிலைமையை யோசித்துப் பாருங்கள். செப்டம்பரில் கார்ஃபீல்டு இறந்து இவர் பதவியேற்றபோது நம்பிக்கை வைத்தவர்கள் குறைவு.

வைத்தவர்களில் ஒருவர் ஜூலியா சாண்ட் என்ற நியூயார்க் பெண். உடல்நலம் குன்றி வீட்டோடு கிடந்தவர். முன்பின் தெரியாத ஆர்தருக்கு, இப்போதாவது மாறுங்கள் என்று கடிதம் கடிதமாக எழுதினார். 1882 ஆகஸ்டில் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் ஜனாதிபதியே அவர் வீட்டு வாசலில் வந்து நின்றார். பிற்காலத்தில் தன் காகிதங்களில் பெரும்பாலானவற்றை எரிக்கச் சொன்ன ஆர்தர், இந்தக் கடிதங்களைப் பத்திரமாக வைத்திருந்தார்.

சரி, சட்டத்துக்கு வருவோம். கடிதத்தால் மட்டும் அது வந்துவிடவில்லை. 1882 தேர்தலில் குடியரசுக் கட்சி பிரதிநிதிகள் சபையை இழந்தது. அடுத்து ஆட்சியும் போனால், இப்படி ஒரு சட்டம் இருந்தால்தான் தங்கள் ஆட்கள் வேலையில் நிலைப்பார்கள் என்ற கணக்கும் அவர்களுக்கு இருந்தது. 1883 ஜனவரி 16-இல் பெண்டில்டன் சட்டம் எனப்பட்ட இந்தத் தேர்வுச் சட்டத்தில் ஆர்தர் கையெழுத்திட்டார். முதலில் அது மத்திய அரசு வேலைகளில் சுமார் பத்தில் ஒரு பங்குக்கே பொருந்தியது.

ஆகவே முழுக்கத் திருந்தினார் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்று. தான் முன்பு வகித்த அதே சுங்கப் பதவியில் கார்ஃபீல்டு நியமித்தவரை நீக்கச் சொல்லி கான்க்ளிங் கேட்டார், ஆர்தர் மறுத்துவிட்டார். அப்புறம் சமாதானத்துக்கோ என்னவோ, கான்க்ளிங்கை உச்ச நீதிமன்ற நீதிபதியாக நியமித்தார். செனட் சம்மதித்த பிறகு, வேண்டாம் என்று சொல்லிவிட்டார் கான்க்ளிங்.